சுமையும் சாரதியும்



லொறி ஓட்டுவது ஒரே தொழில் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். ஓட்டப் பழகியவன் எந்தச் சுமையையும் கொண்டு செல்வான் என்பது பொது நம்பிக்கை. அது எத்துணைப் பிழையானது என்பதை அறிய, இத்தொழிலைப் பல கிளைகளாகப் பகுத்து வளர்த்துள்ள ஐக்கிய அமெரிக்காவைச் சிறிது நோக்குவோம்.

1986ஆம் ஆண்டில் அந்நாட்டு மத்திய அரசு வர்த்தக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதற்கு முன்னர், கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்றவரே பெரிய லொறியையும் ஓட்டலாம் என்ற நிலை பல மாநிலங்களில் இருந்தது. இன்றோ கனரக வாகனத்துக்குத் தனிப் பத்திரம் வேண்டும். சில சுமைகளுக்கு அப்பத்திரத்தில் தனிக் குறியும் வேண்டும். திரவத் தாங்கி ஓட்டுவதற்கு ‘என்’, ஆபத்தான பொருள்களுக்கு ‘எச்’, இரண்டும் சேர்ந்தால் ‘எக்ஸ்’, இரண்டு மூன்று பெட்டிகளைத் தொடுத்து இழுப்பதற்கு ‘ரி’. ஒவ்வொன்றுக்கும் பரீட்சை உண்டு. ‘எச்’ குறியை விரும்புவோர் விரலடையாளம் கொடுத்துப் பாதுகாப்பு விசாரணைக்கும் உட்படவேண்டும்.

இக்குறிகள் வாயிலைத் திறப்பன மாத்திரமே. எந்த வாயிலுட் புகுவது என்பதைச் சாரதியே தீர்மானிக்க வேண்டும். கூலி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகத் தன் இயல்புக்கு ஒவ்வாத சுமையை ஏற்பவன் மனநிறைவை இழக்கிறான். சில வேளை உயிரையும் இழக்கிறான்.

‘நிறைகுடம் தளும்பாது’ என்பது நம் முதுமொழி. அதன் உண்மையைத் தாங்கி லொறிச் சாரதி நாள்தோறும் தன் முதுகில் உணர்கிறான். தாங்கியை விளிம்புவரை நிரப்புதல் இயலாது. வெப்பத்தால் திரவம் விரியும். அதற்கு இடம் விடவேண்டும். அமிலம் போன்ற அடர்த்தி மிக்க திரவமாயின், தாங்கி நிரம்புமுன்னரே சட்டம் அனுமதிக்கும் நிறை எட்டிவிடும். அந்நாட்டின் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில் லொறியும் சுமையும் சேர்ந்து பொதுவாக 80,000 இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 36 மெற்றிக் தொன்னுக்கு, மேற்படலாகாது. எனவே பல வேளைகளில் தாங்கி குறைகுடமாகவே ஓடுகிறது. பிறேக்கை அழுத்தியதும் திரவம் முன்னே பாய்ந்து மோதும். நின்றுவிட்ட லொறியையும் அது தள்ளிவிடக் கூடும். வளைவிலே பக்கவாட்டில் ஏறி வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

இவ்வலையைத் தணிப்பதற்காகப் பல தாங்கிகளுள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. ஆனால் பால் போன்ற உணவுத் திரவங்களைக் கொள்ளும் தாங்கிகளிற் பெரும்பாலும் அவை இல்லை. தகடுகளின் மூலைகளில் எச்சம் தங்கினால் முற்றாகக் கழுவுதல் அரிது என்பதே காரணம். அங்கே தடுப்பாக அமைவது சாரதியின் நிதானம் ஒன்றே. முன்னே செல்லும் வண்டியிலிருந்து நீண்ட இடைவெளி விட்டு, மெல்ல வேகமெடுத்து, மெல்ல நிறுத்துவதில் இன்பம் காண்பவனுக்கு இத்தொழில் பொருந்தும். அவசரக்காரன் இதனை நாடலாகாது.

இனி, திறந்த தட்டு லொறியைப் பாருங்கள். உருக்குச் சுருள், மரம், இயந்திரம் ஆகியவற்றைச் சங்கிலியாலும் பட்டிகளாலும் பிணித்து, மேலே படங்கு போர்த்திச் செல்லவேண்டும். மழையாயினும் பனியாயினும் அவ்வேலை சாரதியுடையதே. புறப்பட்டு முதல் 50 மைலுக்குள் கட்டுகளை மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. கைவேலையில் பெருமை கொள்பவனுக்கு இது உகந்தது. உடல் தளர்ந்தவனுக்கு ஆகாது. அளவு கடந்த பெருஞ் சுமைகளைக் கொண்டு செல்வோரோ, கடந்து செல்லும் ஒவ்வொரு மாநிலத்திலும் அனுமதி பெற்று, குறித்த வழியே, பெரும்பாலும் பகலில் மாத்திரம், தேவையானவிடத்துத் துணை வண்டிகளுடன் செல்கின்றனர். திட்டமிடுதலும் காத்திருத்தலும் அவர்களது தொழிலிற் பெரும் பங்காகும். கால்நடை ஏற்றிச் செல்வோரது நிலை வேறு. அச்சுமை உயிருள்ளது, நின்றவாறே அசைவது, வழியில் நெடுநேரம் காக்க வைக்க முடியாதது.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். நெடுந்தூரச் சாரதியர் பலருக்கு மைலுக்கு இவ்வளவு என்றே ஊதியம் கணக்கிடப்படுகிறது. பண்டசாலை வாயிலில் காத்துக் கிடக்கும் மணித்தியாலங்களுக்குப் பல வேளைகளில் ஒன்றும் கிடைப்பதில்லை. 1938ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் வகுத்த மேலதிக நேரக் கொடுப்பனவும் மாநில எல்லை கடக்கும் சாரதியர் பெரும்பாலோருக்கு உரியதன்று. பொதுச் சுமை ஏற்றுவோர் பத்து மணித்தியால ஓய்வுக்குப் பின், 14 மணித்தியால எல்லைக்குள் 11 மணித்தியாலமே வண்டி ஓட்டலாம். காத்திருப்பு அந்த எல்லையைத் தின்றுவிட்டால் ஓடும் மைலும் குறையும், கூலியும் குறையும். ஆகையால், மைலுக்குரிய தொகையை மாத்திரம் கண்டு மயங்குதல் பேதைமை.

ஆகவே இத்தொழிலை நாடும் இளைஞன், கையொப்பமிடுமுன் சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும். வாரத்தில் எத்தனை இரவு வீட்டிற் படுப்பேன்? காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியம் உண்டா? சுமையை ஏற்றி இறக்குபவர் யார்? வண்டி யாருடையது? குத்தகைக்கு எடுத்துத் தவணை முறையில் சொந்தமாக்கலாம் என்று கூறப்படின், பழுதுக்கும் எரிபொருளுக்கும் கொடுப்பவர் யார்? இடையிலே விலகினால் கட்டிய பணம் என்னாகும்? இவற்றை வாய்ச்சொல்லாகக் கேட்டு அமையாமல் எழுத்திற் பெறுதல் நன்று. அதே சுமையை ஏற்றும் பழைய சாரதியர் இருவரோடேனும் உரையாடுதல் அதனினும் நன்று.

இறுதியிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதனைத் தன்னிடமே கேட்க வேண்டும். தனிமை எனக்குத் துணையா, சுமையா? மனைவி மக்களைப் பிரிந்து வாரக் கணக்கில் வாழ என்னால் ஆகுமா? ஆகாதெனின், அயலிலுள்ள நிலையங்களுக்குப் பெற்றோல் விநியோகித்து, வேலை முடிந்ததும் வீடு திரும்பும் தாங்கிச் சாரதியின் வாழ்வு அவனுக்கு ஏற்றதாகலாம்.

நேயர்களே, நம் வீதியில் ஒரு பவுசர் வண்டி முன்னே இடம் விட்டு மெல்லச் செல்வதைக் காணும்போது, பின்னாலிருந்து ஒலியெழுப்பி அதன் சாரதியை விரட்டாதீர்கள். அவர் தம் முதுகிலே ஒரு குறைகுடத்தைத் தளும்பாமற் சுமந்து செல்கிறார்.