நறுமண எண்ணெயும் நானோ பால்மமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுவோரே மிகுதி. இவ்வாண்டோ, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் எம்மை அழைத்து, 'அறிவியல் பற்றி ஏதேனும் கூறுக' எனச் செயலாளர் பணித்துவிட்டார். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத யாம் எதனைக் கூறுவது? எம் இல்லத்தில் நேர்ந்த ஒன்றையும், அதன்பின் கேட்டும் கண்டும் அறிந்தவற்றையும் கூறுவதே தகும் எனத் துணிந்தோம். எம் அன்னையார் மகளிர் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இசைவு பெற்றே இதனைக் கூறுகிறோம்.

இந்த லக்னோ நகருக்குக் கிழக்கே, பாராபங்கி வழியாக மே, ஜூன் மாதங்களில் இரயிலில் சென்றவர்கள் அந்த மணத்தை அறிவார்கள். வயலோரத்திலேயே பெரிய இரும்புக் கலங்களில் புதினாத் தழையை அடைத்து, அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். ஆவி தழையிலுள்ள எண்ணெயையும் உடன் ஏந்தி வரும். அதனைக் குளிர்வித்தால் நீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். அதுவே நறுமண எண்ணெய். நல்லெண்ணெய் போன்ற கொழுப்பு எண்ணெய் அன்று. தாளில் ஒரு துளி விட்டால் பெரும்பாலும் கறையின்றிப் பறந்துவிடும். உழவர்க்கு நல்ல புதினா வகைகளை அளித்த பெருமை, 1959-இல் தொடங்கப்பெற்று இன்று இந்நகரில் விளங்கும் நடுவண் மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனத்திற்கு உண்டு.

புதினாவில் மென்தால், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால் என ஒவ்வோர் எண்ணெய்க்கும் தலைமைப் பொருள் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்கு முன்னர் நம் நாட்டு ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றது; தைமால் எடுப்பதற்காகவே அங்கு வாங்கினார்கள். குழந்தைக்கு வயிறு உப்பினால் நம் பாட்டிமார் புகட்டிய ஓமத் தண்ணீரின் காரத்திற்கும் அதுவே காரணம்.

இனி எம் கதை. 2019-ஆம் ஆண்டு மழைக்காலம். அன்னையாருக்குப் பல்லாண்டாக நீரிழிவு. வலக்காலின் சிறுவிரலில் செருப்புக் கடித்துச் சிறு புண் உண்டாயிற்று. கிராம்பு எண்ணெய் கிருமிகளைக் கொல்வது ஆய்வில் தெளிவாயிற்று என அந்நாளில் ஒரு செய்தி படித்திருந்தோம். கடையில் ஒரு குப்பி வாங்கி, நாள்தோறும் இருவேளை யாமே எம் கையால் இட்டோம். பல்வலிக்கு ஈறில் வைத்தால் நம்மைத் துள்ள வைக்கும் அவ்வெண்ணெய், புண்ணில் பட்டும் அன்னையார் முகம் சுளிக்கவில்லை. 'எரிகிறதா அம்மா?' என்று கேட்போம். 'ஒன்றும் இல்லையப்பா' என்பார்கள். மருந்து இதமாய் வேலை செய்கிறது என்று மகிழ்ந்தோம். நீரிழிவினால் அக்காலில் உணர்வு நரம்புகள் மடிந்திருந்தன என்பது எமக்குத் தெரியாது. பதினெட்டாம் நாள் விரல் கறுத்தது. காலைக் காக்கவேண்டி மருத்துவர்கள் அவ்விரலை நீக்கினார்கள்.

அச்செய்தியில் பொய் ஏதும் இல்லை என்பதே எம்மை உறுத்தியது. பொய்யில்லாத ஒன்று எம் வீட்டில் ஏன் பொய்த்தது? நம் சங்கத்து அன்பர் ஒருவர் இந்நகரில் ஆய்வகப் பணியில் இருக்கிறார். ஓய்வு நாள்கள் பலவற்றில் அவர் பொறுமையைச் சோதித்தோம்.

அவர் கூறியது இது. கிருமியின் உடலைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. யூஜினாலும் தைமாலும் நீரைவிடக் கொழுப்பையே நாடுவன. ஆதலால் அச்சவ்வுக்குள் புகுந்து அதனைக் குலைத்துவிடும். உள்ளிருக்கும் பொட்டாசியமும் ஆற்றல் தரும் பொருள்களும் கசிந்து வெளியேறக் கிருமி மடியும். ஆனால் கிருமி வாழ்வதோ நீரில். சீழும் குருதியும் சோற்றுக் கஞ்சியும் நீரே. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுமா? நீரோடு கலவாத எண்ணெய், நீரிலுள்ள கிருமியை எளிதில் சென்றடைவதில்லை.

இவ்விடத்தில்தான் நானோ பால்மம் வருகிறது. பால் என்பதே கொழுப்புத் துளிகள் நீரில் பரவிய ஒரு கலவை. எண்ணெயை அவ்வாறு நீரில் பரப்பினால் அது பால்மம். துளிகளை இன்னும் சிறிதாக, ஏறத்தாழ 20 முதல் 200 நானோமீட்டர் அளவுக்கு உடைத்தால் நானோ பால்மம். ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர். கிருமிகள் பலவும் ஏறத்தாழ 1,000 நானோமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ளவை. எண்ணெய், நீர் இரண்டோடும் உறவாடும் ட்வீன் 80 போன்ற ஒரு பொருளைச் சேர்த்து, செவிக்கெட்டாத ஒலியலையாலோ மிகுந்த அழுத்தத்தாலோ உடைக்கிறார்கள். துளிகள் மிகச் சிறுத்தால் பால்போல் வெளுத்த கலவை தெளிந்து இலேசான நீலம் காட்டுகிறது.

கணக்கெழுதும் எமக்கு ஒரு கணக்கே வியப்பூட்டியது. ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் ஒரே உருண்டையாய் நின்றால் அதன் மேற்பரப்பு ஐந்து சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. 100 நானோமீட்டர் துளிகளாய் உடைத்தாலோ 60 சதுர மீட்டர்! எமக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ் முழுதும் அளந்தாலும் அவ்வளவு தேறாது.

இதனால் பயன் உறுதியா? அன்பர் தலையை அசைத்தார். துளி சிறுத்தால் சில எண்ணெய்களின் வலிமை கூடுகிறது. சிலவற்றில் கூடுவதில்லை, குறைவதும் உண்டு. இணக்குவதற்குச் சேர்த்த பொருளே எண்ணெயைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். துளிகளும் நிலையாயிரா. சிறியவை கரைந்து பெரியவற்றோடு சேரும். சில நாளில் ஏடு கட்டும். அதனைத் தடுக்கச் சிறிது சமையல் எண்ணெய் கலக்கலாம். கலந்தால் தைமால் அவ்வெண்ணெயிலேயே தங்கிவிட, கிருமிக்குக் கிடைப்பது குறைகிறது. ஒரு பக்கம் இழுத்துப் போர்த்தால் மறுபக்கம் குளிர்கிறது!

எண்ணெயின் இன்னொரு பண்பையும் அவர் செய்து காட்டினார். எண்ணெய்ப் பண்டம் நாள்பட்டுக் காறுவது காற்றின் ஆக்சிஜனால். தொடர்வண்டிப் பெட்டிகள் ஒன்றையொன்று தள்ளுவதுபோல் ஒரு மூலக்கூறு மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே செல்லும். யூஜினால் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் ஒன்றைக் கொடுத்து அத்தொடரை நிறுத்துகிறது. ஊதா நிறச் சோதனைக் கரைசலில் கிராம்பு எண்ணெயை விட்டதும் அது மஞ்சளாய் வெளிறியது. புதினா எண்ணெய்க்கு அவ்வளவு மாறவில்லை. மென்தாலின் அமைப்பு வேறு என்றார். ஆகவே உணவுப் பண்டம் கெடாமல் காப்பதில் இப்பால்மங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கக்கூடும். எமக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

புண் வேறு. ஆய்வகத் தட்டில் இருப்பது ஒரே வகைக் கிருமியும் தெளிந்த ஊட்ட நீருமே. கால்புண்ணிலோ புரதமும் கொழுப்பும் எண்ணெயைப் பிடித்துக்கொள்கின்றன. பலவகைக் கிருமிகள் பிசின்போல் படலம் கட்டி அதனுள் ஒளிகின்றன. சிலவற்றுக்கு வெளிப்புறமும் ஒரு சவ்வு அரணாய் நிற்கிறது. குருதியோட்டம் குறைந்த விரலுக்கு உள்மருந்தே அரிதாய்ச் சென்று சேரும் என்றால், மேலே பூசியது என் செய்யும்? கலப்பில்லாத கிராம்பு எண்ணெய் கிருமியின் சவ்வுக்கும் நம் சதையின் சவ்வுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. அன்னையாருக்கு எரியவில்லை, ஆனால் சதை வெந்திருந்தது. மற்றொன்றும் மறவாமல் சொல்லிவிடுகிறோம்: யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் குழந்தை வயிற்றுக்குள் சென்றால் வலிப்பு வரக்கூடும், வீட்டில் குழந்தை இருப்போர் குப்பியை உயரத்தில் வையுங்கள்.

அந்த மழைக்காலத்தில் அன்னையாரை முதல் வாரமே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தால் விரல் தங்கியிருக்கக்கூடும் என மருத்துவர் கூறினார். அன்னையாரிடம் இதனைச் சொல்ல எமக்கு ஓராண்டு ஆயிற்று. கேட்டுவிட்டு, 'நீ எண்ணெய் இட்டது நினைவிருக்கிறது. விரல்தான் மறந்துபோயிற்று' என்றார்கள்.

ஆய்வக அன்பர் செய்த ஓமப் பால்மம் இந்தக் குப்பியில் இருக்கிறது. மூன்று மாதம் ஆயிற்று; மேலே மெல்லிய ஏடு தெரிகிறது. விழா முடிந்தபின் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கிறோம். திறந்து முகர்ந்து பாருங்கள்.