எண்ணெய் அளவைப் பார்த்தீர்களா?



1958ஆம் ஆண்டில் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வகையைச் சேர்ந்த சிறிய மோட்டார் சைக்கிள்களை நாம் அனைவரும் அறிவோம். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும்; தள்ளிக்கொண்டாவது வீடு சேரலாம். என்ஜின் எண்ணெய் குறைந்தாலோ, வண்டி ஓடிக்கொண்டே உள்ளே தேய்ந்துவிடும். அதில் உள்ள எண்ணெய் ஒரு லிட்டர்கூட இல்லை. பிஸ்டன், கியர், கிளட்ச் யாவற்றையும் அதுவே காக்க வேண்டும்.

வண்டியைச் சமதரையில், நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் தவறான அளவே தெரியும். என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுங்கள். பின்னர் வலப்புறமுள்ள எண்ணெய் மூடியைக் கழற்றி, அதனோடு இணைந்த அளவுகோலைத் துடைத்து, திருகாமல் செருகி எடுங்கள். திருகினால் கோல் ஆழமாக இறங்கி, குறைந்த எண்ணெயையும் போதுமானதாகக் காட்டிவிடும். நெடுநாள் திருகியே பார்த்து வந்த எனக்கு, ஒரு மாதச் சம்பளம் பிஸ்டனுக்கே போயிற்று!

எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். குறைந்திருந்தால் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேற்கோட்டைத் தாண்ட வேண்டாம். காருக்குரிய எண்ணெய்கள் சிலவற்றால் கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்குரியதையே கேட்டு வாங்குங்கள். பால்வெட்டுக்குப் புறப்படும் விடியற்காலை இருட்டில் இவ்வேலை வேண்டாம். ஓய்வு நாளில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.