வெறுங்கையோடு செல்லலாமோ?

வடிவமைப்புக் கலை பயில வேற்றுநாடு செல்லும் மாணவர் தம்மோடு எதனைக் கொண்டுசெல்லவேண்டும்?

கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா இலண்டனிற் கட்டடக்கலை பயின்றவர். 1947இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த நவீன கட்டடக்கலைஞரின் அனைத்துலக மாநாட்டிலே, உலக வல்லுநரிடையே சேலையுடுத்தே அமர்ந்திருந்தார். ஆயினும் பண்பாடு உடையளவில் முடிவதன்று. தாயகம் மீண்டபின் அவர் கண்டியில் அமைத்த கருணாரத்தின இல்லத்திலே, கொங்கிறீற்றுத் தூண்களோடு தும்பறை நெசவாளரின் பாய்வேலையும், உள்ளூர்க் கைவினைஞரின் சுடுமண் ஓடுகளும் ஒருங்கே இடம்பெற்றன. மேனாட்டு நுட்பமும் நம் கைத்திறனும் ஒன்றையொன்று தாழ்த்தவில்லை.

தம் வீட்டிலே விரிக்கும் பாயை முடைந்தவர் எவரென்றே அறியாத மாணவர், அயல்நாட்டில் எதனைப் பகிர்ந்துகொள்வார்? புறப்படுமுன் ஒருநாளேனும் அக்கைவினைஞர் அருகே அமர்ந்து அவர் தொழிலைக் கண்டறியுங்கள். கொடுப்பதற்குப் பொருளுடையவரே கொள்வதன் அருமையையும் அறிவர்.