பிரிசேயிஸுக்குக் கிடைத்த பதினான்கு வரிகள்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம் ஏறத்தாழ 15,700 வரிகள் கொண்டது. அதில் பூசல் தொடங்குவதே ஒரு பெண்ணை முன்னிட்டுத்தான். கிரேக்க வீரன் அக்கிலீஸுக்குப் போர்ப் பங்காகக் கிடைத்த பிரிசேயிஸைப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்துக்கொள்கிறான். அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு போருக்குப் போகாமல் இருந்துவிடுகிறான். கிரேக்கர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள்.

பிரிசேயிஸ் வாய் திறப்பது 19ஆம் காண்டத்தில், அக்கிலீஸின் நண்பன் பத்ரோக்ளஸின் பிணத்தின் மேல் விழுந்து அழும்போது. மொத்தம் 14 வரிகள். கணவனை அக்கிலீஸ் வெட்டிச் சாய்த்ததையும், உடன்பிறந்தார் மூவரை இழந்ததையும் சொல்கிறாள். அந்த அக்கிலீஸுக்கே உன்னை மணமுடித்து வைக்கிறேன் என்று பத்ரோக்ளஸ் தேற்றினானாம். அடிமைப்பட்டவளுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்! கூட இருந்த பெண்களும் அழுகிறார்கள். பேருக்குப் பத்ரோக்ளஸுக்காக, உள்ளுக்குள் அவரவர் துயரத்துக்காக. பார்வையற்றவர் என்று கதையாகச் சொல்லப்படும் ஹோமர் இதைப் பார்த்திருக்கிறார்.

பாட் பார்க்கர் 2018இல் எழுதிய ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ நாவல் இந்த வரிகளின் பின்னால் இருந்த வாழ்க்கையைத் தேடிப்போகிறது. முதல் உலகப் போரின் சிப்பாய்களைப் பற்றி எழுதி 1995இல் புக்கர் பரிசு பெற்றவர் அவர். அதனால் அவருடைய ட்ராய் பாசறையில் வீரத்தைவிட எலிகளும் காயம்பட்டவர்களின் கூடாரமும்தான் முன்னால் நிற்கின்றன. பிரிசேயிஸே கதை சொல்கிறாள். இடையிடையே அக்கிலீஸின் பார்வைக்குத் தாவும்போது நாவல் தளர்கிறது என்பது என் எண்ணம்.

பார்க்கருக்கு முன்பே, 2005இல், மார்கரெட் அட்வுட் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களைப் பேச வைத்துவிட்டார். மேடலின் மில்லர் பத்ரோக்ளஸைக் கதைசொல்லியாக்கி 2012இல் ஆரஞ்சுப் பரிசு பெற்றார். இந்த வெற்றிக்குப் பின் பலரும் மறுகதை எழுதப் புறப்பட்டார்கள். சிலருடைய நாயகிகள் நேற்றுப் பட்டம் வாங்கியவர்களைப் போலப் பேசுகிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை! பழைய காவியத்தைச் சரியாக வாசிக்காதவர்களுக்குத்தான் இந்த இடறல் வருகிறது. நல்ல மறுகதைக்காரர், மூலத்தில் கிடக்கும் 14 வரியைக் கவனிக்காமல் தாண்டிப் போகாதவர்.

உங்களில் சிலர் நாளை நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் நாளிதழிலும் பிறர் சொன்னதைக் குறித்து வைக்கும் வேலைக்குப் போவீர்கள். ஒருவர் சொன்ன சில வரிகளையும் தாண்டிப் போகாமல் இருக்கப் பழக, அதற்கு முன் விடுமுறையில் இலியட்டின் 19ஆம் காண்டத்தை வாசித்துவிடுங்கள். பார்க்கரின் நாவலை அப்புறம் எடுங்கள்.