கனவில் வரும் பரீட்சை மண்டபம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் பரீட்சைக் கனவு வருகிறது? மணி அடித்துவிட்டது, சுட்டெண்ணை மறந்துவிட்டோம், வினாத்தாளில் ஒரு வரியும் விளங்கவில்லை. திடுக்கிட்டு எழும்பினால் பக்கத்தில் பேரப்பிள்ளை நித்திரை! கை உயர்த்தியவர்களிடம் இன்னுமொரு கேள்வி: அந்தப் பரீட்சையில் நீங்கள் சித்தியடைந்தீர்கள்தானே?

வியன்னாவின் சிக்மண்ட் புரொய்ட், 1900 எனத் திகதியிட்டு வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' நூலின் பிந்திய பதிப்புகளில் இதைப் பற்றி எழுதினார். தாவரவியலிலும் விலங்கியலிலும் இரசாயனவியலிலும் அவர் கனவில் பலமுறை சோதிக்கப்பட்டார். எல்லாம் பயத்தோடு போய்த் தப்பிய பாடங்கள். உண்மையில் தவறிய சட்ட மருத்துவமோ ஒருநாளும் கனவில் வரவில்லை. பொறுப்பான காரியமொன்று மறுநாள் காத்திருக்கும்போதே இக்கனவு வருகிறது என்பது அவர் கருத்து. அன்றும் இப்படித்தான் பயந்தாய், ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் தன்னைத்தானே தேற்றுகிறதாம்.

எல்லோரும் புரொய்ட்டை ஏற்கவில்லை. நித்திரையில் மூளைத்தண்டிலிருந்து எழும் சமிக்ஞைகளை மூளை ஒரு கதையாகக் கோக்கிறது என்று 1977இல் ஹொப்சனும் மக்கார்லியும் கூறினர். அப்படியானாலும் கதைக்கான நூல் எங்கள் வாழ்விலிருந்துதானே வருகிறது? ஆகவே, பாம்பு கண்டால் இன்ன பலன், பல்லு விழுந்தால் இன்ன பலன் என்ற பட்டியல் உதவாது. வயல்வெளியில் வளர்ந்த அம்மாவின் பாம்பும் லண்டனில் பிறந்த மகளின் பாம்பும் ஒன்றல்ல.

ஆனால் எல்லாக் கனவும் தேற்றுவதில்லை. பங்கருக்குள் ஓடும் கனவு, சனநெரிசலில் தவறிப்போன கையைத் தேடும் கனவு எங்களில் பலருக்கு உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின், பயங்கரம் நடந்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் கொண்டுசெல்லும் இத்தகைய கனவுகள் தன் கொள்கைக்குள் அடங்கவில்லை என்று 1920இல் புரொய்ட்டே ஒப்புக்கொண்டார்.

இதற்கு இன்று ஒரு வழி உண்டு. பகலில் அக்கனவைக் கடதாசியில் எழுதி, விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் நடந்து, 2001இல் வெளியான ஆய்வில் இம்முறையால் தீக்கனவுகள் குறைந்தன. கனவு கடுமையானால் தனியே முயலாமல், உளவளத்துணையாளரையோ உளமருத்துவரையோ நாடுங்கள். அதில் வெட்கமில்லை.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உடனே பரிகாரம் கூறுகிறாள், கண்ணகி மறுத்துவிடுகிறாள். ரொறன்ரோவிலிருந்தோ வன்னியிலிருந்தோ உங்கள் வகுப்புத் தோழி, "நேற்றும் அதே கனவடி" என்றால், பலன் சொல்ல அவசரப்படாதீர்கள். "சொல்லடி, கேட்கிறன்" என்று மட்டும் சொல்லுங்கள்.