ஓய்வும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான்

2024 மே 26. இத்தாலியைச் சுற்றிவரும் 'ஜிரோ' சைக்கிள் பந்தயம் ரோம் நகரில் முடிந்தது. ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சார் வென்றார். அடுத்த பெரிய பந்தயமான 'டூர் தெ பிரான்ஸ்' தொடங்கியது ஜூன் 29-இல். இடையில் ஐந்து வாரங்கள்தான். அந்த நாட்களில் அவர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. முதலில் இளைப்பாறினார், பிறகு மலைப்பகுதியில் பயிற்சி செய்தார். டூரையும் வென்றார். ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் வென்றவர், 1998-இல் இதைச் சாதித்த மார்கோ பன்டானிக்குப் பிறகு இவர்தான்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு பந்தயமும் மூன்று வாரம், 21 கட்டங்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு மிதித்தால் தசை இழைகள் நைந்துபோகும், சேமித்த சர்க்கரைச் சத்து கரைந்துவிடும். உடல் பழுதுபார்த்துக்கொள்வதும் வலுவேறுவதும் ஓய்வில்தான். பந்தயத்துக்கு நடுவே வரும் ஓய்வு நாளிலும் வீரர்கள் முடங்கிக் கிடப்பதில்லை. கால் இறுகிவிடாமலிருக்க ஓரிரு மணி நேரம் மெதுவாக மிதிப்பார்கள்.

உழைப்புக்கு நாள் குறிப்பதுபோல் ஓய்வுக்கும் நாள் குறியுங்கள். அடுத்த வெற்றிக்கான உரம் அங்கேதான் சேர்கிறது.