எண் எங்கிருந்து வந்தது?



இன்று நான் நிக்கல் ஆக்சைடு என்னும் ஒரு பச்சைத் தூளைப்பற்றிப் பேசப்போகின்றேன். “இதென்ன ஊருக்கு உதவாத பேச்சு?” என்று சிலர் நினைக்கலாம். ஓர் எண்ணைப் பெரியவர் சொன்னார் என்று ஒப்புக்கொள்வதா, அளந்து பார்த்து ஒப்புக்கொள்வதா என்கின்ற சங்கதி இதற்குள்ளும் இருப்பதால் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

இந்தத் தூள் சுத்தமாயிருந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பழைய கணக்கின்படி கடத்தியே தீரவேண்டும்! இந்த முரண்பாட்டை 1937-ல் டி போயர், வெர்வே என்னும் இருவர் எடுத்துக்காட்டினார்கள். ஓர் அணுவில் இருக்கும் எலெக்ட்ரான் அங்கு வரும் இன்னொன்றைப் பிடித்துத் தள்ளுகின்றது. அதைச் சரியாகச் சேர்க்காததே குற்றம் என்று தெரிந்தது. 1963-ல் ஹப்பார்டு இந்தத் தள்ளுதலுக்குக் கணக்கு உருவம் கொடுத்தார். அதுதான் ‘யூ’. ஒரே பக்கமாய்ச் சுழலும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகியிருப்பதால் தள்ளுதல் சற்றுக் குறைகின்றதே, அது ‘ஜே’.

1964, 65-ம் ஆண்டுகளில் ஹோஹென்பெர்க், கோன், ஷாம் ஆகியோர், எலெக்ட்ரான்களைத் தனித்தனியே துரத்தவேண்டாம், எங்கெங்கே எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும் என்றார்கள். கொள்கையில் பிசகில்லை. அதில் ஓர் அயிட்டத்தை மட்டும் இன்றும் உத்தேசமாகவே போடவேண்டியிருக்கின்றது. அந்த உத்தேசத்தால் நிக்கல் ஆக்சைடில் சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட் இருக்கவேண்டிய இடைவெளி 1-க்கு மேல் தேறுவதில்லை. ஆகவே 1991-ல் அனிசிமோவ், சானன், ஆண்டர்சன் மூவரும் யூ, ஜே இரண்டையும் அதில் சேர்த்தார்கள். 1998-ல் துதாரெவ் முதலானோர் யூவில் ஜேயைக் கழித்த மீதி ஒன்றே போதும் என்று சுருக்கினார்கள்.

சரி, எத்தனை போடுவது? இங்கேதான் ஜோசியம் நுழைகின்றது. விடை 4 என்று முன்பே தெரியும். 4 வருகின்றவரையில் யூவை ஏற்றி இறக்கி, “எங்கள் கணக்கு சோதனையோடு பொருந்துகின்றது” என்று எழுதினால் பொருந்தாமல் என்ன செய்யும்? வேறு சிலர், “முன்னவர் 8 போட்டார், நானும் 8 போட்டேன்” என்கின்றார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் மாறியதுபோல, அணுவின் எல்லையை எப்படி வகுக்கின்றோம் என்பதைப் பொறுத்து யூவும் மாறும். 1991-ல் நிக்கல் ஆக்சைடுக்கு 8. 2005-ல் கோகோச்சியோனியும் தெ ஜிரோன்கோலியும் கண்டது 4.6. ஒருவர் மரக்காலை மற்றவர் கணக்கில் போட்டால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இருவர் செய்த வழிதான் நேரானது. ரயில் பெஞ்சில் நெருக்கமாய் உட்கார்ந்திருக்கின்றவர்களில் ஒருவரை இலேசாகத் தள்ளினால் மற்றவர்களும் நகர்ந்து கொடுப்பார்கள். தனி நிக்கல் அயனியில் சுமார் 17 இருக்கும் தள்ளுதல் திடப்பொருளுக்குள் இத்தனை குறைவதும் இந்த நகர்ந்துகொடுத்தலால்தான். (ஜே மட்டும் ஏறக்குறைய 1-லேயே நிற்கும், அதை இது அதிகம் தொடுவதில்லை.) ஆகவே பல அணுக்கள் கொண்ட பெரிய கட்டத்தில் ஒரே ஓர் அணுவின்மீது சிறு அழுத்தம் கொடுத்து, அங்கே எலெக்ட்ரான் எவ்வளவு குறைகின்றது என்று பார்க்கிறார்கள். மற்றவை நகர்வதற்கு முன் ஒரு தடவை, நகர்ந்து அமர்ந்த பின் ஒரு தடவை. இரண்டையும் தலைகீழாக்கி, முன்னதில் பின்னதைக் கழித்தால் யூ. இருவகைச் சுழற்சிக்கும் எதிரெதிராக அழுத்தம் கொடுத்தால் ஜேயும் கிடைக்கும். கட்டம் சிறிதானால் எண் ஆடும். பெரிதாக்கிப் பெரிதாக்கி, அசையாமல் நிற்கும்வரை பார்க்கவேண்டும்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. துத்தநாகத்தைப்போல் இடம் முழுவதும் நிரம்பியிருக்கும் அணுவை எவ்வளவு தள்ளினாலும் அசையாது. அங்கே இந்த முறை தாறுமாறாகப் பெரிய எண்ணைக் கொடுத்துவிடும். அங்கு வேறு வழிதான் தேடவேண்டும்.